இரண்டு மலைகளும் ஓர் அடுப்பும்

1

இந்தக் கதை எனக்குத் திருமலைக்கு ஏறும் அலிபிரி படிக்கட்டில் கிடைத்தது. கதை தேடி நான் மலையேறவில்லை. ஒரு கட்டுரையிடமிருந்து தப்பித்து ஏறிக்கொண்டிருந்தேன்.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். சென்னையிலிருந்து வரும் சிற்றிதழ் ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘வளரும் நாடுகளில் காடழிவைக் குறைத்துப் புவி வெப்பமாவதைத் தணித்தல்.’ தலைப்பை வாசித்து முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. எழுதிய முதல் வரி இது:

‘மனிதர்கள் காற்றில் கலக்கும் கரியில் கணிசமான பங்கு காடுகள் அழிவதால் வருகிறது, ஆகவே வெப்பமண்டல நாடுகளில் மரங்களை நிற்கவைப்பது’

நிற்கவைப்பது என்ற சொல்லோடு நானும் நின்றுவிட்டேன். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் ஓர் ஆள்கூட இல்லை. மரத்தை யார் வெட்டுகிறார், யார் நிற்கவைக்கிறார், வெட்டாத நாளில் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது என்று எதுவும் இல்லை. தாளை மூடிவைத்துவிட்டுப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினேன்.

படியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்; இளையவளின் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்த தோளோடுதான் சண்டையும் போட்டுக்கொண்டு வந்தாள்.

“உன் மலை இன்னா பெரிய மலை. எங்க மலையில கரடி வந்துகீது.”

“கரடி வழி தப்பி வந்திருக்கும்க்கா. எங்க மலையில ஊத்து வந்துகீது. ஊத்து வழி தப்புமா?”

நிலத்துக்கும் நகைக்கும் சண்டை போடுகிற அக்கா தங்கைகளைப் பார்த்திருக்கிறேன். மலைக்காகச் சண்டை போடுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்தேன். மேலே போய்ச் சேர்வதற்குள் கட்டுரை செத்துவிட்டது, கதை பிறந்துவிட்டது. இளையவள் மல்லிகா. மூத்தவள் கன்னியம்மாள்.

2

முதல் தொடக்கம்: ‘ஒண்டிமலை மொட்டையாக இருந்தது.’

இதை மல்லிகாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. “மொட்டைன்னு எழுதாத சார். மொட்டை அடிச்சா நல்லா மொளைக்கும். அது செரங்கு புடிச்ச தலை மாரி இருந்துச்சு. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்.”

இரண்டாம் தொடக்கம்: ‘மல்லிகா சிறுவயதிலிருந்தே இயற்கையை நேசித்’

இதை நானே அடித்துவிட்டேன். பொய். மலையைச் சொறிந்து சொறிந்து அப்படி ஆக்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஆகவே மூன்றாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

மல்லிகாவைப் போல விறகு வெட்ட அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

ஆந்திரத்தில் புத்தூர்ப் பக்கம் எல்லையோரத் தமிழ்க் கிராமங்களில் ஒன்று கொல்லமேடு.* காணி நிலம் இல்லாத குடும்பங்கள் வாழ்ந்த ஊர். மல்லிகாவின் புருஷன் பாலையா சென்னையில் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டான்; பொங்கலுக்கு வருவான், கரிநாளுக்கு மறுநாள் பஸ் ஏறிவிடுவான். அந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிய வருஷங்கள் அவை. திறந்த கதவு வழியாக ஆண்கள் வெளியே போனார்கள், நூல் ஆர்டர் உள்ளே வந்தது. நகரியில் விசைத்தறிகள் பெருகின. தறி பெருகினால் சாயப்பட்டறை பெருகும். சாயப்பட்டறையின் கொப்பரை கொதிக்க வேண்டுமானால் விறகு வேண்டும்.

விறகு வாங்கும் சிட்டிபாபுவின் லாரி விடியும்போது மலையடிவாரத்தில் வந்து நிற்கும். மல்லிகாவும் மற்றப் பெண்களும் மேலே ஏறிப் போய், கிடைத்ததை வெட்டிச் சுமந்துகொண்டு வந்து போடுவார்கள். துரிஞ்சில், வெக்காலி, காட்டு வேம்பு என்று எது ஆளுயரம் வளர்ந்தாலும் வெட்ட ஆள் வந்துவிடும். லாரி நகரிக்குப் போகும். அங்கே நூல் சிவப்பாகும், பச்சையாகும். இங்கே மலை பழுப்பாகும்.

“குத்தமா தெரியலியா அப்போ?” என்று கேட்டேன்.

“பசங்க துன்னணும் சார். அதான் தெரிஞ்சிச்சு.”

* ஊர்ப் பெயர்களையும் இரண்டு மலைகளின் பெயர்களையும் நான் மாற்றியிருக்கிறேன். கொல்லமேட்டைத் தேடிப் போகாதீர்கள். போனாலும் உங்களுக்கு இதேபோல வேறொன்று கிடைக்கும்.

3

ஹரிபிரசாத் என்ற வனத்துறை அதிகாரி இந்த இடத்தில் வருகிறார்.

[நல்ல அதிகாரி. இங்கேதான் எனக்குத் தயக்கம். கதைகளில் நல்ல அதிகாரியை யாரும் நம்புவதில்லை. அவரைச் சற்றுக் கெட்டவராக்கி எழுதிப் பார்த்தேன். விறகுக் கட்டைப் பிடுங்கினார், திட்டினார். அந்தப் பக்கத்தை வாசித்த மல்லிகா, “அந்தாளு மேல ஏன் பழி போடற?” என்று கேட்டாள். கிழித்துவிட்டேன். இளம் ஆள், கடப்பைக்காரர், தமிழ் தடுமாறும், ‘நீங்கள்’ என்பது தெலுங்கு ‘மீரு’வாகிவிடும், நல்லவர். நம்பினால் நம்புங்கள்.]

கிராமமே காட்டைக் காப்பது என்று அப்போது அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. ஊரில் சமிதி என்று ஒரு காவல் குழு அமைப்பது, மரம் வெட்டுவதை நிறுத்துவது, விழுந்த விறகும் புல்லும் புளியும் ஊருக்கே. மண்வரப்புப் போடவும் கன்று நடவும் கூலி உண்டு. ஹரிபிரசாத் ஊருக்குள் வந்ததும் பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போகவில்லை. விறகு இறக்குகிற இடத்தில் வந்து நின்றார்.

“மல்லிகா அம்மா, சமிதிக்கி மீரே தலைவியா இருக்கணும்.”

அவள் தலைச்சுமையைக்கூட இறக்கவில்லை. “நான் வெட்றவ சார். என்னப் போயி காவலுக்குக் கூப்புடறீங்க.”

“அதுக்கே கூப்புடறேன். வேற யாரு நிறுத்தினாலும் மீரு வெட்டுவீங்க. மீரு நிறுத்தினா ஊரு மொத்தம் நிறுத்தும்.”

அவர் போன பிறகு அவள் யோசித்தாள். அவளுக்கு மலைமேல் இரக்கம் வந்து யோசித்தாள் என்று எழுத ஆசை. உண்மையில், வெட்டுவதற்கு அதிக நாள் மரம் இருக்காது என்பதை வெட்டுகிறவளே நன்றாக அறிந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் இன்னும் மேலே ஏற வேண்டியிருந்தது. உச்சியைத் தொட்டுவிட்டால் அப்புறம் ஏறுவதற்கு என்ன இருக்கிறது.

ஊர் கூடியது. வாக்குவாதம் நடந்தது. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். கடைசியில் மல்லிகா தன் கோடாலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டாள். “நான் எடுக்கமாட்டேன். இனிமே நீங்க எடுத்தா நான் பாத்துக்கினு சும்மா இருக்கமாட்டேன்.” அவ்வளவுதான் பேசினாள்.

முதல் வருஷம் கஷ்டம். வரப்புக் கூலி உரிய காலத்தில் வராது. ஹரிபிரசாத் புத்தூருக்கும் சித்தூருக்கும் நடையாய் நடந்து வாங்கிக்கொண்டு வருவார். ஆடு மேய்ப்பவர்கள் முறைத்தார்கள். ஆனால் மலை சும்மா இருக்கவில்லை. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த அடிக்கட்டைகள் பக்கவாட்டில் துளிர்விட்டன. இரண்டாம் மழைக்குப் பிறகு மல்லிகா மலையின் வடக்கு மடிப்பில் காலை வைத்தாள், மண் சில்லென்றிருந்தது. உட்கார்ந்து கையால் தோண்டிப் பார்த்தாள். தண்ணீர் கசிந்தது. அவளுடைய நைனா சின்ன வயசில் குடித்ததாகச் சொன்ன ஊற்று. எழுந்திருக்க மனமில்லாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் கட்டுரையாகவே அனுப்பியிருப்பேன்.

4

ஒண்டிமலையில் நின்று பார்த்தால் தெற்கே பல்லிமலை தெரியும். அதன் அடிவாரத்து ஊரில்தான் கன்னியம்மாளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அக்காவிடம் காட்டப் போனாள் மல்லிகா. அக்கா வீட்டில் இல்லை. புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முந்தின நாள் மலைச்சரிவில் வெட்டின கட்டை உருண்டு அவள் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியிருந்தது.

கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மல்லிகா அழுதாள். கன்னியம்மாள் அழவில்லை.

“எத்துக்குக்கா நீ மலைக்குப் போன? நீ வெட்டவே மாட்டியே.”

“மாட்டேன். உங்க ஊர்ல நிறுத்தனதும் சிட்டிபாபு லாரிய இட்டுக்கினு எங்க ஊருக்கு வந்தான். ரெண்டு மடங்கு கேக்கறான். உன் மாமாவும் ஊர்ல இல்ல. எல்லாரும் போனாங்க, நானும் போனேன்.” தங்கையை நேராகப் பார்த்தாள். “உன் மலைய நீ காப்பாத்திக்கினே, மல்லி. என் மலைய வெட்ட வச்சதும் நீதான்.”

கையிலிருந்த பாட்டிலை மல்லிகா காட்டவே இல்லை.

(கட்டுரைக்காக நான் படித்த தாள்களில் இதற்கு ‘கசிவு’ என்று பெயர். ஓரிடத்தில் காட்டைக் காத்தால் வெட்டு வேறிடத்துக்குக் கசிந்து போகும்; மொத்தக் கணக்கில் காற்றுக்கு லாபமில்லை. அந்தச் சொல்லை நான் பல முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். அதற்கு முழங்கால் இருக்கும் என்று நினைத்ததில்லை.)

திரும்பும் வழியில் மல்லிகா பஸ் ஜன்னலில் பல்லிமலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதன் பக்கவாட்டில் புதிதாகப் பழுப்புத் திட்டுகள். தன் கோடாலியை ஊர் நடுவில் போட்டபோது எவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தக் கோடாலி அக்காவின் கைக்குத்தான் போயிருக்கிறது.

5

நேராக நகரிக்குப் போய்ச் சாயப்பட்டறை முதலாளி நாகபூஷணத்தின் முன்னால் நின்றாள். சிட்டிபாபுவின் லாரி இறக்குகிற இடங்களில் அவருடையதே பெரியது.

[இவரை வில்லனாக்க எல்லா வசதியும் இருந்தது. கழுத்தில் சங்கிலி, தொந்தி, கைவிரல்களில் நீங்காத சாயக்கறை. மூன்று பக்கம் எழுதினேன். ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் வில்லத்தனம் கழன்றுகொண்டது.]

“மொதலாளி, விறகு வாங்கறத நிறுத்துங்க.”

“நிறுத்தறேன். கொப்பரைய உன் மூச்சுல கொதிக்க வைப்பியா?” கோபமாக அவர் கேட்கவில்லை. “நான் இன்னா மரத்து மேல பகை வச்சிக்கினா வாங்கறேன்? எனக்கு நெருப்பு வேணும்மா. சூடு கொறைஞ்சா சாயம் திட்டுத் திட்டா புடிக்கும். திட்டு புடிச்ச நூல எவன் வாங்குவான்? இந்தப் பட்டறைய நம்பி இத்தினி வீடு கீது.”

அவள் வெளியே வந்து கதவோரம் நின்றாள். உள்ளே அடுப்பின் வாய் தெரிந்தது. ஒருவன் கட்டையை எடுத்து எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். பல்லிமலைக் கட்டை. ஒண்டிமலையைச் சுற்றி எவ்வளவு காவல் போட்டாலும், பல்லிமலையைச் சுற்றிப் போட்டாலும், இந்த வாய் மூடாது. மூன்றாவது மலையைக் கேட்கும். காக்க வேண்டிய இடம் மலையில் இல்லை என்பது அவளுக்கு அங்கேதான் பட்டது.

6

மாம்பழ சீசனுக்கு எங்கள் ஜில்லாவே சித்தூரை நோக்கித் திரும்பும். தோத்தாபுரியும் மற்றதும் டிராக்டர் டிராக்டராகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். கூழ் டின்னில் அடைபட்டு வெளிநாட்டுக்குக் கப்பலேறும். அந்த வருஷம் அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மல்லிகாவும் ஓர் ஆலைக்குப் பழம் கழுவும் வேலைக்குப் போனாள்.

ஆலையின் பின்புறம் மாங்கொட்டைகள் மலையாகக் கிடந்தன. நாற்றம், ஈ. அதை அள்ளி எங்காவது ஏரிப் பள்ளத்தில் கொட்ட ஆலைக்காரர்களே லாரிக்காரர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கூலிப் பெண்கள் தங்கியிருந்த கொட்டகையில் காய்ந்த கொட்டைகளைப் போட்டுத்தான் சோறாக்கினார்கள். எல்லோரும் அப்படித்தான் ஆக்கினார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. மல்லிகாவும் இரண்டு வாரம் அதில் ஆக்கித் தின்ற பிறகுதான், ஒரு மதியம், அடுப்பில் கொட்டையைத் தள்ளிய கை அப்படியே நின்றது.

(அழுகும் கொட்டைக் குவியலும் காற்றைச் சூடாக்கும் வாயுவைத்தான் விடுகிறது. இதைக் கட்டுரைக்காகப் படித்திருந்தேன். கதைக்குத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சிட்டிபாபுவைப் பிடித்து, கட்டைக்குப் பதிலாக இந்தக் கொட்டையை நகரி அடுப்புக்கு ஏற்றச் சொன்னாள். அவன் சிரித்தான். “எனக்கு லோடு வேணும்மா. கட்டையா இருந்தா இன்னா, கொட்டையா இருந்தா இன்னா.” சும்மா கிடைக்கிறது என்றதும் உடனே வண்டியைத் திருப்பினான்.

முதல் லோடு நாகபூஷணத்தின் பட்டறைக்குப் போனது. அது படுதோல்வி. கொட்டைகள் பாதிதான் காய்ந்திருந்தன. அடுப்பில் போட்டதும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு புகைந்தன. புகை பட்டறை முழுக்கப் பரவியது. வேலையாட்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கொப்பரை சூடு இறங்கியது. உள்ளே கிடந்த சிவப்பு நூல் முழுவதும் திட்டுத் திட்டாக வெளிறியது. நாகபூஷணம் அந்த நூல் சிட்டத்தை எடுத்து மல்லிகாவின் கையில் கொடுத்தார்.

“எடுத்துக்கினு போ. இதுக்கு மேல இந்தப் பக்கம் வராத.”

அவள் அதை வாங்கிக்கொண்டாள். சிவப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஒழுகியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ரத்தமா என்று கேட்டாள்.

7

இரண்டாவது முயற்சிக்கு நாகபூஷணம் ஏன் ஒத்துக்கொண்டார்? வாசகர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மனசு மாறிவிட்டது, குற்ற உணர்வு என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். நடந்தது வேறு.

கன்னியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தங்கை சொன்னதையெல்லாம் கேட்டாள். மறுவாரம் கட்டுப் போட்ட காலோடு சிட்டிபாபு லாரியில் முன்சீட்டில் ஏறி நகரிக்குப் போய், பட்டறை வாசலில் இறங்கி, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

நாகபூஷணம் வெளியே வந்தார். “இன்னாம்மா, யாரு நீ?”

“நான் பல்லிமலை அடிவாரம். என் காலு உங்க அடுப்புலதான் எரிஞ்சிச்சு மொதலாளி. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்.”

அவள் திட்டவுமில்லை, பணம் கேட்கவுமில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் நாகபூஷணத்தின் வீட்டிலிருந்து அவளுக்கும் சோறு வந்தது. சாப்பிட்டாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அவர் ஒரு முக்காலியைப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“இன்னா செய்யச் சொல்ற?”

“இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க.”

அவர் எழுந்துபோய் அடுப்பின் முன்னால் குந்தி வெகுநேரம் உள்ளே பார்த்தார். நெருப்போடு பிறந்து வளர்ந்த மனிதர். “கொட்டை மேல தப்பு இல்லம்மா. கட்டைக்குக் கட்டின அடுப்பு இது. கொட்டை கெட்டியா படிஞ்சிக்கும்போது அடுப்பு மூச்சு வாங்க முடியாம தவிக்குது” என்றார். புத்தூரிலிருந்து வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்தார். அடுப்பின் அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்துக் கீழே காற்று நுழைய வாய் திறந்தார்கள்.

இந்தப் பக்கம் ஹரிபிரசாத் ஒண்டிமலை அடியில் கிடக்கும் பெரிய சமப்பாறையைக் கொட்டை காயவைக்கக் கொடுத்தார். கொல்லமேட்டுப் பெண்களும் பல்லிமலைப் பெண்களும் சேர்ந்து கொட்டைகளைப் பரப்பினார்கள். வெயில் அந்த வருஷம் கொளுத்தியது. வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோரும் வெயிலை வாழ்த்தினார்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று சத்தம் போட வேண்டும், அதுதான் அடையாளம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இரண்டு ஊர்ப் பெண்களும் சிட்டிபாபுவின் லாரியில் கொட்டை மூட்டைகள்மேல் உட்கார்ந்து நகரிக்கு வந்தார்கள். மற்ற சாயப்பட்டறைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முதல் தடவை நடந்தது ஊர் முழுக்கத் தெரியுமே. நாகபூஷணம் கற்பூரம் ஏற்றி அடுப்புக்குள் போட்டார். மல்லிகா முதல் கூடையைத் தள்ளினாள்.

முதலில் ஒன்றுமில்லை. லேசாகப் புகை. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். மல்லிகா திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மாள் சுவரோரம் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “இன்னும் போடு,” என்றாள்.

அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்பித் தட்டின் கீழே காற்று இழுபடுகிற சத்தம். பிறகு கொட்டைகள் ஒவ்வொன்றாகப் பிடித்து, வெடித்து, நெருப்பு ஒரே சீராக எழும்பியது. மஞ்சள் நிறம் மாறி வெளுத்த நெருப்பு. அடுப்பின் முன்னால் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். கொப்பரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ், பிறகு நடுவில், பிறகு கொப்பரை முழுக்கத் தளபுளவென்று கொதித்தது.

நாகபூஷணம் நூலை இறக்கினார். ஏற்றினார். இறக்கினார். கடைசியில் கோலில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அது முழுச் சிவப்பாக, ஒரு திட்டுக்கூட இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் காட்டினார். பிறகு கன்னியம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“பாத்துட்டியா? இப்பனா வீட்டுக்குப் போ தாயே.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தெருத் தறிகள் நின்றுவிட்டன என்று மல்லிகா சொல்கிறாள். தறி அப்படியெல்லாம் நிற்காது. ஆனால் நான் அந்த வரியை எடுக்கப்போவதில்லை.

8

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நானும் வேகமாகவே சொல்கிறேன். அடுத்த சீசனுக்குள் நகரியில் பாதிப் பட்டறைகள் கம்பித் தட்டுக்கு மாறின. மழைக்காலத்துக்குக் கொட்டை சேர்த்துவைக்க இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு பெரிய கொட்டகை போட்டது. கூலி மலையேறாமலேயே கிடைத்தது. பல்லிமலையிலும் சமிதி வந்தது. கால் சாய்த்து நடக்கும் தலைவி. சிட்டிபாபு இரண்டாவது லாரி வாங்கினான்.

இன்னும் சில வருஷம் கழித்து ஹைதராபாத்திலிருந்து ஒரு குழு வந்தது. மரங்களின் மார்பில் நாடா சுற்றி அளந்தார்கள். மலை எவ்வளவு கரியைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கிறது என்று கணக்கிட. குழுவின் தலைவி பொறுமையான பெண். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: “இங்கே நிறுத்தினீர்கள். வெட்டு வேறு எங்கே போனது?” சுற்றியிருந்த மலைகளையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். புதிய வெட்டு எதுவும் இல்லை. மல்லிகா அவளை நகரிக்கு அழைத்துப்போய் அடுப்பின் வாயைக் காட்டினாள். அந்தப் பெண் வெகுநேரம் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

“எங்க மலை இன்னா புடிச்சி வச்சிருக்குன்னு சொல்றீங்க?” என்று கேட்டாள் கன்னியம்மாள்.

“காற்றில் கலந்திருக்க வேண்டிய கரி. உலகத்துக்கே அது நல்லது.”

“உலகம் கெடக்கட்டும். ரெண்டு மலையில எது ஜாஸ்தி புடிச்சிருக்கு?”

குழுத்தலைவி சிரித்துக்கொண்டே சொல்ல மறுத்துவிட்டாள். படிக்கட்டில் நான் கேட்ட சண்டை அதன் மிச்சம்.

[என் கல்லூரி நண்பர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். காடு வளர்ந்ததற்குக் காரணம் கொட்டையும் இல்லை, சமிதியும் இல்லை. சனங்கள் சென்னைக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், வெட்ட ஆளில்லை என்றார். யோசிக்க வேண்டிய வாதம். மல்லிகாவிடம் சொன்னேன். “ஆளுங்க போனாங்க, சரி. அடுப்பு எங்க போச்சு? அது நகரிலயேதான எரிஞ்சிக்கினு கீது? கட்டை வேணும்னா ஒடிசாலருந்துகூட ஆள இட்டாந்து வெட்டுவான்.” நண்பரிடம் திரும்பிப் போய் இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.]

9

இனி முடிவு.

முதலில் எழுதிய முடிவு சோகமானது. கல் குவாரிக்காரர்கள் வருகிறார்கள், ஒண்டிமலை குடையப்படுகிறது, மல்லிகா தூரத்தில் நின்று பார்க்கிறாள். நடக்கவில்லை, நான் கட்டியது. கனமான கதைகள் தோல்வியில் முடிய வேண்டும் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லமேட்டுக்குப் போய், ஊற்றுப் பக்கத்தில் அக்கா தங்கை இருவரையும் உட்காரவைத்து வாசித்தேன். எங்களைச் சுற்றி மரங்கள் என்னைவிட உயரமாக நின்றன.

மல்லிகா கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

“நாங்க ஜெயிச்சா உனுக்குப் புடிக்கலியா சார்?”

காது சூடானது. தாளைத் திருப்பி இரண்டாவது முடிவை வாசித்தேன். அளவெடுக்கும் குழு, நெருப்பைப் பார்த்து நிற்கும் பெண், இரண்டு ஊரும் மலையுச்சியில் பொங்கல் வைக்கிறது, ‘இவ்வாறாக இரண்டு மலைகளும் காப்பாற்றப்பட்டன’ என்று நிறைவு. அதை வாசிக்கும்போது என் குரலே கொஞ்சம் உயர்ந்தது. பொங்கல் மட்டும் நான் சேர்த்தது. வைக்கலாமே என்று மல்லிகா அக்காவைப் பார்த்தாள்.

கன்னியம்மாள் தலையை ஆட்டினாள். “பொங்கல் வைப்போம். அது நல்லாத்தான் கீது. ஆனா அந்தக் கடைசி வரிய எடு.”

“ஏம்மா? காப்பாத்திட்டீங்கதானே?”

“‘காப்பாத்தியாச்சு’ன்னு எழுதினா எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிருவாங்க. போனதும் எவனாவது கோடாலிய எடுப்பான். முடிஞ்சிச்சுன்னு மட்டும் எழுதாத சார்.”

“அப்போ எப்படி முடிக்கறது?”

அவள் காலை நீட்டி, கையூன்றி, ஒரு பெரிய துரிஞ்சில் மரத்தைப் பார்த்தாள். அது பழைய அடிக்கட்டையிலிருந்து வந்தது. அடியில் வெட்டின தழும்பு இன்னும் இருந்தது, அதைச் சுற்றிப் புதுப்பட்டை மூடிக்கொண்டு வந்தது.

“வளர்ந்துக்கினு கீதுன்னு எழுது.”

எழுத்துத் தமிழில் அதை ‘வளர்ந்துகொண்டிருக்கிறது’ என்று திருத்தி எழுதினேன். வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள். நான் சொன்னது நின்றுபோன மாதிரி இருக்கிறதாம். அவர்கள் சொன்னதில் மரம் நகர்கிறது. அவர்கள் சொன்னபடியே விடுகிறேன். ‘வளர்ந்துக்கினு’க்கு அப்புறம் வர வேண்டியதை மட்டும் நான் எழுதவில்லை. அது உங்கள் ஊர் அடுப்பில் என்ன எரிகிறது என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் பக்கம் இவ்வளவுதான்:

ஒண்டிமலையும் பல்லிமலையும் வளர்ந்துக்கினு